சுனாமி எச்சரிக்கை வந்தால்: திருகோணமலைக் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் பக்கம் அனர்த்தக் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் சனம் கேட்பது ஏறத்தாழ இதே கேள்விகள்தான். திருகோணமலைக் கரையில் குடியிருப்பவர்களையும் தொழில் செய்பவர்களையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு சுனாமி எங்கிருந்து வரும்? ஓடுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

பெரும்பாலும் கிழக்கே இருந்துதான். சுமாத்திராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை கடலடியில் ஒரு நீண்ட ஆழ்பள்ளம் ஓடுகிறது. அங்கே ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த வரிசையில் 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளம் ஒரேயடியாகப் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. ஆழக்கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கரைக்குக் கிட்ட வரவர வேகம் குறைந்து உயரம் கூடும்.

அன்று எங்கள் நேரப்படி காலை 7 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். கிண்ணியாவில் வைத்தியசாலையே அடிபட்டுப் போனது. அந்த இரண்டு மணி நேரமும் கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை முறை எதுவும் இருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் என்பது தாராளமான நேரம். ஆச்சிமாரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகவே போதும். ஆனால் நிலநடுக்கத்தை அளந்து அறிவிப்பு வெளியாவதில் கொஞ்ச நேரம் போகும், ‘உண்மையோ?’ என்று நாலு பேரிடம் போன் எடுத்துக் கேட்பதில் கொஞ்சம் போகும், கேற்றைப் பூட்டி மாட்டை அவிழ்த்துவிடுவதில் மிச்சமும் போகும். சனம் நேரத்தை இழப்பது கடலில் இல்லை, வீட்டு வாசலில்தான். கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இதையேதான் சொல்கின்றன.

நிலம் ஆடினால்தானே சுனாமி வரும்? எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே.

சுமாத்திராவில் இருப்பவர்களுக்கு நிலநடுக்கமே எச்சரிக்கை. அங்கே சிமெலுவே என்றொரு தீவில் 2004இல் ஏழு பேர்தான் இறந்தார்கள். நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று 1907இல் வந்த அலைக்குப் பிறகு பாட்டன் பாட்டி சொல்லிவைத்ததைப் பிள்ளைகள் மறக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். நாங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறோம். அத்தனை பெரிய நடுக்கம்கூட இங்கே மேசையில் இருக்கும் தண்ணீர் லேசாக ஆடுகிற அளவில்தான் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆகவே நடுக்கம் உணரவில்லை என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆனால் உணர்ந்துவிட்டால், அறிவிப்புக்குக் காத்திராமல் கரையை விட்டு எழும்பி நடந்துவிடுங்கள்.

கடல் உள்வாங்கினால்தான் ஓட வேண்டும் என்கிறார்களே?

இதை நம்பி நிற்பது ஆபத்து. கடலடி எந்தப் பக்கம் மேலே எழும்புகிறது, எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதைப் பொறுத்து முதலில் அலையின் பள்ளம் வரும், அல்லது மேடு வரும். 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கை, இந்தியா இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு முதலில் வந்தது ஏறும் அலை. இங்கே பல இடங்களில் கடல் வெகுதூரம் வற்றியது முதல் அலைக்குப் பிறகுதான், அடுத்த அலைக்கு முன்பு. வற்றிய தரையில் மீன் பொறுக்கப் போனவர்களின் கதையை இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் கேட்கலாம்.

கடல் திடீரென்று வற்றினால் ஓடுங்கள், சரி. வற்றவில்லை என்பதற்காக நிற்காதீர்கள்.

எச்சரிக்கையை யார் தருகிறார்கள்? எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது?

2011 முதல் இந்து சமுத்திர நாடுகளுக்கு இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் தகவல் கொடுக்கின்றன. இந்தியாவின் நிலையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. பெரிய நிலநடுக்கம் வந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முதல் தகவல் வெளியாகும். அது நிலநடுக்கத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. அப்புறம் ஆழ்கடல் மிதவைகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் அலை உண்மையாகவே கிளம்பியிருக்கிறதா என்று காட்டும். அப்படி ஒரு நீர்மட்ட அளவி திருகோணமலையிலும் இருக்கிறது. கரையில் அரை மீட்டருக்கு மேல் அலை வரும் என்று கணக்குச் சொன்னால் அந்தக் கரை ஆபத்துப் பட்டியலில் சேரும்.

இலங்கைக்குள் வளிமண்டலவியல் திணைக்களம் அந்தத் தகவலைப் பார்த்து எச்சரிக்கை விடுக்கிறது. அதைச் சனத்திடம் கொண்டுவருவது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வேலை. வானொலி, தொலைக்காட்சி, குறுஞ்செய்தி, வேலை செய்யும் இடங்களில் கரையோர எச்சரிக்கைக் கோபுரங்கள், பொலிஸ், கடற்படை என்று ஒரு வழி. மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று இன்னொரு வழி.

கோபுரச் சைரன் கேட்கவில்லை என்றால்?

காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கேட்காமல் போகலாம். இயந்திரம் என்றால் பழுதாகவும் செய்யும். ஒரே வழியை நம்பி ஒரு ஊர் இருக்கக் கூடாது. இங்கே உண்மையாக வேலை செய்யக்கூடியது பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோயில் மணி, தேவாலய மணி. கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி போய்ச் சேராத வீடு குறைவு. ஒவ்வொரு வணக்கத்தலத்திலும் ‘எச்சரிக்கை வந்தால் நான் சொல்வேன்’ என்று இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். என்ன வசனம் சொல்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் வசனம் வராது.

தமிழ் அறிவிப்பும் மற்ற மொழி அறிவிப்போடு அதே நிமிடத்தில் வர வேண்டும் என்று கேட்பது எங்கள் உரிமை. கூட்டங்களில் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

போன தடவை எல்லாம் ஓடினோம், ஒன்றும் வரவில்லை. இனியும் ஓட வேண்டுமா?

அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

2005 மார்ச் 28 இரவு 10 மணியளவில் சுமாத்திராவில் 8.6 அளவு நடுக்கம். மூன்று மாதம் முன்புதான் எல்லாம் இழந்த சனம், இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. 2007 செப்டெம்பர் 12 மாலை மறுபடியும் சுமாத்திராவில் 8.4. 2012 ஏப்ரல் 11, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணி கடந்து 8.6. மூன்று முறையும் கரையோரம் வெளியேற்றப்பட்டது, மூன்று முறையும் இங்கே பெரிய அலை வரவில்லை.

2012இல் ஏன் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் மனம் ஆறும். அந்த நடுக்கத்தில் தட்டுகள் பக்கவாட்டாக உரசி நகர்ந்தன. கடலடி மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கவில்லை. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் கருவிகள் காட்டுவது நடுக்கத்தின் அளவையும் இடத்தையும்தான். எந்தப் பக்கம் நகர்ந்தது, அலை கிளம்பியதா என்பதெல்லாம் பிறகுதான் தெளிவாகும். தெளிவாகும்வரை காத்திருந்து சொன்னால், உண்மையாகவே அலை கிளம்பிய நாளில் எங்களுக்கு இருக்கும் நேரத்தில் பாதி போய்விடும். அதனால் முதலில் ஓடச் சொல்கிறார்கள், பிறகு நீக்குகிறார்கள். அன்றும் மாலையில் நீக்கினார்கள்.

அன்று நகரத்தில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைகள் இழுத்து மூடப்பட்டன, ஓட்டோக்கள் அநுராதபுரச் சந்திப் பக்கம் நெருக்கியடித்தன. அதே நேரம் டச்சு வளைகுடாக் கரையில் இளம் பெடியன்கள் வரிசையாக நின்று போனைக் கடலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளை இயக்கத்திலேயே விட்டிருந்தான், அலை தெரிந்ததும் ஏறிப் போய்விடலாம் என்று. அலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்த பிறகு மோட்டார் சைக்கிளும் காப்பாற்றாது, முன்னால் வாகன நெரிசல்தான் நிற்கும். ஒன்றும் வராத நாளில் ஓடியவருக்கு நட்டம் ஒரு பின்னேரம். அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கே போவது?

உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் அறிவிக்கப்பட்ட இடம் எது, வழி எது என்று இன்றே கேட்டு வையுங்கள். பொதுவாகச் சொன்னால் கடலிலிருந்து குறைந்தது இரண்டு கிலோமீட்டர் உள்ளே, அல்லது நல்ல மேடு. அதோடு ஊர் ஊராகச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி: இங்கே பெரிய பொறி புல்மோட்டை வீதிதான். பதற்றத்தில் எல்லோரும் பெரிய வீதியில் ஏறி விரைவார்கள். அந்த வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. அதில் எத்தனை மைல் போனாலும் கடல் உங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். பல இடங்களில் முன்னால் கடல், பின்னால் களப்பு. களப்பு வாய் வழியாகவும் ஆறு வழியாகவும் தண்ணீர் உள்ளே ஏறும், ஆகவே பாலங்களில் நிற்கக் கூடாது. வீதியைக் கடந்து மேற்கே தரைப்பக்கம் போகிற குறுக்குப் பாதை எது, மழைக்காலத்தில் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். டிசம்பரில் அந்தப் பாதை முழங்கால் சேறாக இருந்தால், அது வரைபடத்தில் மட்டும் இருக்கும் பாதை.

நகரம்: கோணேசர் கோயில் மலை நல்ல உயரம். ஆனால் அதற்குப் போக பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடக்க வேண்டும், அது இரண்டு குடாக்களுக்கும் நடுவே கடலை ஒட்டி இருக்கிறது. கோட்டைக்குக் கிட்ட நிற்பவர்கள் ஏறலாம். திருக்கடலூரிலிருந்தோ உப்புவெளியிலிருந்தோ கரையோரமாக அங்கே ஓடிவரக் கூடாது. அவர்களுக்குக் கன்னியாப் பக்கம் உள்ளே போவதுதான் வழி. நகரின் தெற்குப் பக்கத்தவர்களுக்கு ஓர்ஸ் ஹில் மேடு கிட்ட இருக்கிறது.

கிண்ணியா: மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் சனத்துக்குப் பாலத்தைக் கடந்து சீனக்குடாப் பக்கம் ஓடத் தோன்றும். பாலம் கடல் வாய்க்கு மேலேதான் நிற்கிறது. தெற்கே தரைப்பக்கம் போங்கள்.

மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல்: நிலம் தட்டை, ஆறும் களப்பும் நிறைய. மூதூர்க்காரர்களுக்குத் தோப்பூர், சேருவில வழி. சம்பூருக்கும் வெருகலுக்கும் தூரம் அதிகம், ஆகவே அறிவிப்பு வந்த உடனேயே கிளம்ப வேண்டும், மற்றவர்களைப் போலத் தாமதிக்க அங்கே இடமில்லை.

வழி அடைபட்டு நேரமும் போய்விட்டால் கடைசி வழியாக, பலமான கொங்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடியோ அதற்கு மேலோ ஏறுங்கள். ஓட்டு வீடும் தகரக் கூரையும் நிற்காது.

வாகனத்தில் போகலாமா?

நடக்கக்கூடியவர்கள் நடப்பது நல்லது. வாகனங்களை நடக்க முடியாதவர்களுக்கு விடுங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்கட்டும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மருந்து, டோர்ச், தண்ணீர்ப் போத்தல். 2004க்குப் பிறகு உறுதி இல்லாமலும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமலும் சனம் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பையின் அருமை தெரியும். எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

பை ஆணியில் இல்லாவிட்டால் தேடாதீர்கள். நகைக்காகத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் எச்சரிக்கை வந்தால்?

பெற்ற மனம் கடலை நோக்கித்தான் ஓடும், அந்தப் பள்ளிக்கூடம் கரையில் இருந்தால். அதனால் இதை முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஆசிரியர்கள் எந்த இடத்துக்குக் கூட்டிப் போவார்கள் என்று பாடசாலை பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பெற்றோர் நேரே அந்த இடத்துக்குப் போக வேண்டும், பள்ளிக்கூட வாசலுக்கு இல்லை. உங்கள் பாடசாலை இன்னும் சொல்லவில்லை என்றால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்.

வீட்டில் எழும்ப முடியாத ஆச்சி இருக்கிறார். என்ன செய்வது?

அவரை யார் தூக்குவது, எந்த வாகனம் என்று இப்போதே பெயர் சொல்லி முடிவெடுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேலை நாளில் மகன் வீட்டில் இருக்க மாட்டார். கர்ப்பிணிகள், கண் தெரியாதவர்கள், தனியே இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் என்று அனர்த்தக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் செய்த ஆய்வொன்று, பெண்களும் சிறுவர்களும் ஆண்களைவிட அதிகமாக இறந்ததைக் காட்டியது. நீந்தத் தெரியாது, மரம் ஏறிப் பழக்கமில்லை, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, காலைத் தடுக்கும் சேலை. நீச்சலை விளையாட்டு என்று ஒதுக்காமல் கரையோரப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒத்திகையை வெள்ளிக்கிழமை ஆண்கள் கூடுகிற இடத்தில் மட்டும் நடத்தினால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேராது.

நாங்கள் கடலில் நிற்கும்போது எச்சரிக்கை வந்தால் கரைக்கு ஓடிவர வேண்டுமா?

வரக் கூடாது. ஆழத்தில் சுனாமி படகுக்கு அடியில் தெரியாமலே போய்விடும், ஆபத்து கரையில்தான். ஆழம் நூறு பாகத்துக்கு (ஏறத்தாழ 180 மீட்டர்) மேல் இருந்தால் அங்கேயே நில்லுங்கள், குறைவாக இருந்தால் இன்னும் வெளியே போங்கள். திருகோணமலையில் இதில் ஒரு வசதி உண்டு. கொட்டியார்குடாவுக்குள்ளேயே கடலடிப் பெரும்பள்ளம் நுழைந்திருக்கிறது, கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே அடி காணாத ஆழம். ரேடியோவைத் திறந்து வையுங்கள், நீக்கிவிட்டார்கள் என்று கேட்கும்வரை திரும்பாதீர்கள்.

கரையில் கட்டியிருக்கும் படகைக் காப்பாற்ற இறங்கி ஓடுவது வேறு விஷயம். அது வேண்டாம். படகை மறுபடி வாங்கலாம்.

கரைவலை பாதி இழுத்திருக்கும்போது சைரன் அடித்தால்?

வலையின் மடிக்குள் மீன் தெரிகிறது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள், இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் கரையேறிவிடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அதற்குப் போட்ட கடன், இழுப்பவர்களுக்கு அன்றைய பங்கு. ‘இந்த இழுப்பை முடித்துவிட்டுப் போவோம்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கயிற்றை விட மாட்டார்கள், விட்டால் பங்கு போய்விடும், முகமும் கெட்டுவிடும். அதனால்தான் தனியாளிடம் புத்தி சொல்லி இங்கே பயனில்லை. சம்மாட்டிதான் ‘கயிற்றை விடுங்கோ’ என்று முதலில் சொல்ல வேண்டும், தொழில் தொடங்கும் காலத்திலேயே அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். சைரன் அடித்து வலை விடப்பட்ட நாளில் இழுத்தவர்களுக்கு ஏதாவது ஒரு தொகை உண்டு என்று மீனவர் சங்கம் முடிவெடுத்தால் இன்னும் நல்லது. உயிருக்குப் பயப்படாதவர்கள் என்று அவர்களைப் பேசுவது நியாயமில்லை. பசிக்கும் கடனுக்கும் பதில் வைத்தால் கயிற்றை விடுவார்கள்.

பருவத்துக்கு வெளியூரிலிருந்து வந்து வாடி (கடற்கரைக் குடிசை) போட்டுத் தொழில் செய்கிறவர்களை மறக்க வேண்டாம். அவர்களுக்கு இந்தக் கரையின் பாதை தெரியாது. பலருக்கு மொழியும் வேறு. வாடிக்குப் போய் வழியைக் காட்டி வாருங்கள்.

துறைமுகத்துக்குள் இருப்பவர்களுக்குப் பயமில்லைதானே?

உட்துறைமுகம் மலைகளால் சூழ்ந்தது, நேரடி அடி குறையலாம். ஆனால் ஒடுங்கிய வாய் வழியே தண்ணீர் உள்ளே வருவதும் வெளியே இழுப்பதுமாக நீரோட்டம் மிகப் பலமாக இருக்கும், கப்பல் கயிறே அறும். தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டாம்.

சூறாவளி எச்சரிக்கையும் இதுவும் ஒன்றா?

இல்லை, பல இடங்களில் நேர் எதிர். 1964 டிசம்பரில் திருகோணமலையை அடித்த சூறாவளி, 2020 டிசம்பரில் குச்சவெளிப் பக்கம் கரையேறிய புரெவி, இவை போன்றவை இப்போது ஓரிரு நாள் முன்பே தெரிந்துவிடும். சூறாவளிக்குப் படகைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், பலமான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். சுனாமிக்குக் கடலில் நிற்கிற படகு வெளியே போக வேண்டும், கரையில் இருப்பவர் கட்டடத்தை விட்டு உள்நாட்டுக்குப் போக வேண்டும். வானம் தெளிந்து கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் சுனாமி வரும். 2004இல் அப்படித்தான் இருந்தது.

மணல் மேடும் கண்டல் காடும் காப்பாற்றுமா?

வேகத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. மணல் மேட்டை வெட்டி வழி செய்த இடங்களில் தண்ணீர் அந்த வாய்க்குள் குளக்கட்டு உடைத்தது போலப் பாய்ந்தது. மேட்டையும் கண்டலையும் காப்பாற்றுங்கள், ஆனால் அவற்றை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

முதல் அலை போய்விட்டது. வீட்டைப் பார்க்கத் திரும்பலாமா?

திரும்பக் கூடாது. சுனாமி என்பது ஒரு அலை இல்லை. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரையான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மணி நேரம் வரும், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். 2004இல் இலங்கையில் பல இடங்களில் இரண்டாவது அலைதான் பெரிது. சொந்தங்களைத் தேடி இறங்கியவர்கள் அதில் அகப்பட்டார்கள். எச்சரிக்கை நீக்கப்பட்டது என்று அதிகாரபூர்வமாகக் கேட்ட பிறகே இறங்குங்கள். கரண்ட் கம்பிகள் விழுந்திருக்கும், கிணறுகளில் உப்பும் கழிவும் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

‘கடல் வருது’ என்று யாரோ கத்துகிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. நம்புவதா?

கிணறு வற்றியது, பாம்பு கரையேறியது, சாமி வந்து சொன்னது என்றெல்லாம் வரும் செய்திக்கு ஊரைக் கிளப்ப வேண்டாம். நிலநடுக்கம் எப்போது, எங்கே, எத்தனை அளவு என்று இல்லாத பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். வானொலியைப் போடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117க்கு அழையுங்கள். ஆனால் கடலே வழக்கத்துக்கு மாறாக நடந்தால், பெரிய இரைச்சல் கேட்டால், யாரிடமும் கேட்க வேண்டாம். முதலில் உள்ளே போங்கள், போய்ச் சேர்ந்த பிறகு 117.